மேலே என்ன தொங்குகிறது?

"நனைந்த பிளக்கை அவசரப்பட்டு மாட்டாதீர்கள்" என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை கேள்விகள் வந்துவிட்டன. மருத்துவமனைக் கருவிகளைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு. கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மானிட்டரில் விரல் கிளிப் ஒயரைச் செருகும் இடத்தில் சலைன் கொட்டிவிட்டது. உடனே துடைத்துவிட்டேன். இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– செவிலியர், உத்தமபாளையம்

பதில்: வேண்டாம் சிஸ்டர். நீங்கள் துடைத்தது தண்ணீரை. உப்பு உள்ளேயே இருக்கிறது. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு உண்டு. அரை லிட்டர் பாட்டில் என்றால் நாலரை கிராம், கிட்டத்தட்ட முக்கால் டீஸ்பூன். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு எங்கேயும் போகாது. பின்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வெள்ளைப் பொடியாக உட்கார்ந்துகொள்ளும். ஆடி மாதத்தில் மலையிலிருந்து சாரல் காற்று இறங்கும்போது அடுப்படி உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அதே மாதிரி இதுவும் ஈரத்தை இழுத்துக் கசியும். வினை அன்றைக்குத்தான் தொடங்கும்.

அப்படி ஒரு பிளக்கைப் பிரித்திருக்கிறேன். வெளியே பளபளவென்று இருந்தது. ரப்பர் உறையை நகத்தால் நெம்பியதும் உள்ளே பச்சைப் பொடி. திராட்சைத் தோட்டத்தில் போர்டோ கலவைக்கு மயில்துத்தம் கரைக்கிறோமே, ஏறக்குறைய அந்த நிறம். செம்பில் ஏறும் களிம்புதான் அது. உப்பு, ஈரம், கரண்ட் மூன்றும் சேர்ந்தால் செம்பு கரைந்து இப்படிப் பூக்கும். ஒரு பின் பாதி தின்னப்பட்டு, ஊசிமுனை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பின் வழியாக வரும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டுவார், குறைப்பார். கருவி நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். தப்பான எண் காட்ட ஆரம்பித்தால் யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் நோயாளியை வேறு மானிட்டருக்கு மாற்றுங்கள். பிறகு, நனைந்ததைச் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டு, கையை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு பிளக்கை எடுங்கள். உள்ளே பேட்டரி இருப்பதால் பிளக்கை உருவிய பிறகும் கருவிக்குள் கரண்ட் இருக்கும், மறந்துவிடாதீர்கள். "ஓட்ட வேண்டாம், சலைன் கொட்டியது" என்று தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். என்ன திரவம் என்று எழுதுவது முக்கியம். வெறும் தண்ணீருக்கு ஒரு வைத்தியம், உப்புத் தண்ணீருக்கு ஒன்று, பிசுபிசுக்கும் குளுக்கோஸுக்கு ஒன்று.

கேள்வி: நனைந்த பிளக்கை ஹேர் டிரையர் வைத்து உலர்த்தலாமா?
– நர்சிங் மாணவி, தேனி

பதில்: கூடாது. சூட்டில் ரப்பர் இளகும், பிளாஸ்டிக் கோணும், காற்றின் வேகம் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். ஒயருக்குள் இருப்பது மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை இழுக்கும். இந்த முனையில் நனைந்தால் ஒரு சாண் தள்ளிப் பச்சை பூத்துக் கிடக்கும். வெளியே தொட்டுப் பார்த்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று சொல்லவே முடியாது.

கேள்வி: என் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பல வருஷமாக மழையில் நனைகிறது. ஓடத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரி மெஷினுக்கு மட்டும் எதற்கு இவ்வளவு பக்குவம்?
– திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி

பதில்: முதலில் அந்த ஸ்டார்ட்டருக்கு ஒரு தகரக் கூரை போடுங்கள் ஐயா. ஈரக் கையோடு மோட்டார் போடப் போய் வீடு திரும்பாதவர் ஊருக்கு ஊர் உண்டு. அந்த வரிசையில் நீங்கள் வரக் கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டில் மாட்டுகிற கசிவு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அணைந்துவிடும். நம் உலர்ந்த தோலும், காலில் கிடக்கும் ரப்பர் செருப்பும் நமக்கு ஓரளவு காவல். வார்டில் படுத்திருப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது. நெஞ்சில் பசையோடு எலெக்ட்ரோடு ஒட்டியிருக்கும். சிலருக்கு இதயத்தின் வாசல் வரை குழாய் போயிருக்கும். அங்கே தோல் என்ற சுவரே இல்லை. அதனால் இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவிகளில், எல்லாம் சரியாக இருக்கும்போது நோயாளிக்குள் கசியலாம் என்று உலகத் தர விதி விட்டிருப்பது 10 மைக்ரோ ஆம்பியர். ஏதாவது ஒரு கோளாறு இருக்கும்போதும் 50 மைக்ரோவைத் தாண்டக் கூடாது. உங்கள் பிரேக்கர் விழித்துக்கொள்ளும் அளவு அதைப் போல 600 மடங்கு. இப்படிப்பட்ட கருவிகளில் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டத்துக்குள் ஒரு சிறிய இதயப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்தால், அந்த வாய் நனையவே கூடாது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் நின்றால் கொடி ஒரு நாள் தாங்கும். மூச்சு இயந்திரம் நின்றால் நிமிடக் கணக்குதான்.

கேள்வி: அம்மாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். அதிலேயே தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. பயமாக இருக்கிறது. எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகி, கம்பம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதை நாலு பழக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, தண்ணீர் ஊற்றும்போது மெஷினை அணைத்து, பாட்டிலைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுங்கள். மெஷின் தலைமேல் வைத்துச் சொம்பால் ஊற்ற வேண்டாம். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் போகக் கூடாது.

இரண்டு, மெஷினை அறை விட்டு அறை நகர்த்தும்போது பாட்டிலைக் கழற்றிவிடுங்கள். வாசற்படியில் சக்கரம் இடறும்போதுதான் தண்ணீர் சுவிட்ச் மேல் வழியும்.

மூன்று, பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவினால் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் காற்றோடு ஈரத்தையும் மெஷின் உள்ளே இழுக்கும்.

நான்கு, ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். வீடு துடைக்கிற மாப் தண்ணீர் முதலில் தேடிப் போவது அதைத்தான். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் மாட்டுங்கள். ஒயர் மேலிருந்து நேராக பிளக்குக்குள் இறங்கும்படி விடாமல், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏறிச் செருகும்படி விடுங்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைப் பாருங்கள். குழாய்க்குள் நுழையும் முன் தாழ்ந்து வளைந்து ஏறும். ஒயர் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. அதை இழுத்துக் கட்டிய வயர்மேன் கற்றுவைத்த பாடம்தான் உங்கள் அம்மா அறைக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறோம். கையால்தான் செய்கிறோம், மெஷின் இல்லை. எங்களுக்கும் இந்தக் கவலை உண்டா?
– மகன், சின்னமனூர்

பதில்: உண்டு தம்பி. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு டயாலிசிஸ் திரவப் பைகள் கிராமத்து வீடுகளுக்கும் வருகின்றன. பெரிய நிம்மதி அது. இப்போது அந்தப் பையைத் தொங்கவிட எங்கே ஆணி அடித்திருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். கட்டில் பக்கம், கை எட்டுகிற உயரம், அதற்கு நேர் கீழே சுவிட்ச் போர்டு. இப்படி இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பையில் இருப்பது இரண்டு லிட்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த திரவம். இணைப்பு ஒரு தடவை நழுவினால் போதும். ஆணியை மூன்றடி தள்ளி அடியுங்கள். செலவு ஒரு ஆணி.

கேள்வி: கருவியின் முதுகில் ‘ஐ.பி. 22’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் புகாது என்று அர்த்தமா?
– பாலிடெக்னிக் மாணவர், தேனி

பதில்: எவ்வளவு தண்ணீருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று அர்த்தம். முதல் எண் விரல், தூசி போன்ற திடப் பொருளுக்கு. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 1 என்றால் நேர் மேலிருந்து விழும் சொட்டைத் தாங்கும். 2 என்றால் கருவி 15 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் சொட்டைத் தாங்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முக்கினாலும் தாங்கும். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மருத்துவக் கருவிக்குக் குறைந்தது 21 வேண்டும் என்கிறது உலகத் தரம்.

இதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.பி. 22 தேர்வில் நாலு பக்கமும் சாய்த்து, சாய்வுக்கு இரண்டரை நிமிடம் சொட்டுவிடுவார்கள். மொத்தம் 10 நிமிடம். வார்டில் ஒழுகும் பாட்டில் ராத்திரி முழுக்க ஒழுகும். அடுத்தது, தேர்வு நடப்பது சுத்தமான தண்ணீரில். சலைனிலும் பிளீச்சிங் தண்ணீரிலும் இல்லை. கடைசியாக, புதுக் கருவிக்குக் கொடுத்த எண் அது. மூடி தொலைந்து, ரப்பர் வெடித்து, பின் ஆடிப்போன கருவிக்கு அந்த எண் பொருந்தாது. முக்கினால் தாங்கும் என்று 7 போட்டிருந்தாலும், ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு தேர்வு, வேறு எண்.

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து எல்லாக் கருவி மேலும் கிருமிநாசினி ஸ்பிரே அடித்துத்தான் சுத்தம் செய்கிறோம். சரிதானே?
– சுகாதார மேற்பார்வையாளர், தேனி

பதில்: சுத்தம் சரி, ஸ்பிரே தப்பு. 2007 அக்டோபரிலேயே அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், நோய்த் தடுப்பு மையம் உட்பட நான்கு அரசு அமைப்புகள் சேர்ந்து இதைப் பற்றி எச்சரிக்கை விட்டன. சுத்தம் செய்யும் திரவம் கருவிக்குள் புகுந்து கருவிகள் பழுதாகின்றன, தீயும் பிடிக்கிறது என்பதுதான் அதன் சாரம். ஸ்பிரேயின் பொடித் துளி சொட்டு மாதிரி கீழே விழாது. காற்றில் மிதந்து, பின் துளைக்குள்ளும் காற்றோட்டத் துவாரத்துக்குள்ளும் தானே போய் உட்காரும்.

வரிசை இதுதான்: அணையுங்கள், பிளக்கை எடுங்கள், துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாமல் பிழியுங்கள், செருகும் வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து வாருங்கள். மருந்து வேலை செய்ய எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டுமோ, அதுவரை பொறுங்கள். பிறகு உலர்ந்த துணி. பின்கள் காய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மாட்டுங்கள். ஈரப் பின்னை மாட்டிக் கரண்ட் விடும் நொடியில்தான் அதிகச் சேதம். ஹைப்போகுளோரைட் உலோகத்தை அரிக்கும். எந்தக் கருவிக்கு எந்த மருந்து என்று அதன் கையேட்டில் இருக்கும். பணியாளர்களுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். அவர்கள் தினமும் உயிர் காக்கும் வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்குரிய அறிவை அவர்களுக்குத் தர வேண்டியது நம் கடமை.

கேள்வி: செருகும் இடத்தைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினால்? கொஞ்சம் வாஸ்லின் தடவினால்?
– எலெக்ட்ரீஷியன், போடி

பதில்: டேப் தண்ணீரை வெளியே நிறுத்துவதைவிட, உள்ளே போன ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் அதிகம். பசை இளகித் தூசி அப்பும். அவசரத்தில் கழற்ற வராது. வாஸ்லின் இன்னும் ஆபத்து. எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீ. ஆக்சிஜன் ஓடும் படுக்கைக்குப் பக்கத்தில் அந்த டப்பாவே வேண்டாம். கேபிள் செருகாத வாய்களுக்கு அந்தந்தக் கருவிக்குரிய ரப்பர் மூடியை வாங்கிப் போடுங்கள். கருவியை மாட்டும்போது வாய் கீழேயோ பக்கவாட்டிலோ பார்க்கும்படி மாட்டுங்கள். வானத்தைப் பார்த்த வாய் நனையாமல் இருக்காது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள் காபி டம்ளரை எங்கேதான் வைப்பது?
– வாசகர், ஆண்டிபட்டி

பதில்: மானிட்டர் தலைமேல் தவிர எங்கு வேண்டுமானாலும். ஜன்னல் திட்டில் வையுங்கள், ஸ்டூலில் வையுங்கள். ஸ்டூலே இல்லை என்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: மழையில் போடிமெட்டுக்குப் போய் ஏலத்தோட்டத் தொழிலாளிகளை ஏற்றி வருகிறோம். நோயாளியும் நனைந்து, நாங்களும் நனைந்து, கருவியும் நனைகிறது. என்ன செய்ய?
– ஆம்புலன்ஸ் ஓட்டுநர், போடி

பதில்: வண்டியில் உலர்ந்த துண்டு நாலு எப்போதும் இருக்கட்டும். முதல் துண்டு நோயாளியின் நெஞ்சுக்கு. ஷாக் கொடுக்கும் பேடை ஈர நெஞ்சில் ஒட்டினால் சரியாக ஒட்டாது. கரண்டும் இதயத்தைத் தேடிப் போகாமல் தண்ணீரோடு தோல் மேலேயே ஓடிவிடும். துடைப்பதற்குச் சில நொடி போதும். இரண்டாவது துண்டு உங்கள் கைக்கு, கேபிளைத் தொடும் முன். பாட்டில் கொக்கி கருவிக்கு நேர் மேலே இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். ஐ.பி. 22 தேர்வில் 15 டிகிரிதான் சாய்க்கிறார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் பாட்டில் எந்தப் பக்கம் ஆடும் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் கொக்கியை மாட்ட வேண்டும்.

கேள்வி: வராக நதியில் வெள்ளம் வரும்போதெல்லாம் நினைப்பேன். தரைத்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரியகுளம்

பதில்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள் ஐயா. மணப்பாக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் இறந்த செய்தி அந்த நாட்களில் எல்லோரையும் உலுக்கியது. ஜெனரேட்டர், சுவிட்ச் அறை, பேட்டரி மூன்றும் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த எதையும் பரிசோதிக்காமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன மொழி நம்முடையது.

கேள்வி: கொட்டிவிட்டது என்று சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கு

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நெடுநேரம் யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனை. ஒரே படுக்கையில் அடுத்தடுத்து இரண்டு மானிட்டர் கேபிள் கெட்டன. ராத்திரியில் காரணமில்லாமல் அலாரம் அடிக்கும். சலித்துப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். பிரித்தால் அதே பச்சை. "யார் கொட்டினது?" என்று கேட்டேன். வார்டே வாயடைத்து நின்றது. எல்லோரும் போன பிறகு, துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்து சொன்னார்: "யாரும் கொட்டல சார். மேல பாருங்க."

பார்த்தேன். சுவரில் பாட்டில் கொக்கி. அதற்கு நேர் கீழே மானிட்டர். பாட்டிலும் ட்யூபும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. நிமிடத்துக்கு ஒன்றுதான் விழுந்தது. 20 சொட்டு ஒரு மில்லி என்று வையுங்கள். எட்டு மணி நேர ராத்திரி டூட்டியில் 480 சொட்டு, 24 மில்லி. அதில் 0.2 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை. ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஒயரின் வாய்க்குள் ஒரு சிட்டிகை உப்பு. கொக்கியை இரண்டடி தள்ளி மாட்டினோம். அதன் பிறகு அந்தப் படுக்கையிலிருந்து எனக்கு ஒரு கேபிளும் வரவில்லை.

அன்றிலிருந்து "யார்" என்று நான் கேட்பதில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்களையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: சம்பளத்தில் பிடித்தால் கேபிளின் விலை மிஞ்சும், உண்மை மறைந்துவிடும். மறைந்த உண்மை அடுத்த நோயாளியின் நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவியால் வரும் தீங்குகளைப் பதிவு செய்யவே 2015-லிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது. செவிலியரும் டெக்னீஷியனும் அதற்கு எழுதலாம். எழுதுவது யாரையும் காட்டிக் கொடுக்க இல்லை, இன்னொரு ஊரில் அதே சொட்டு விழாமல் இருக்க.

நீங்கள் பயந்தவர் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறீர்களே. இன்று ராத்திரி டூட்டிக்குப் போனதும், படுக்கை படுக்கையாக ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். எந்தக் கொக்கியின் கீழே எந்தக் கருவி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காலையில் மேட்ரனிடம் கொடுங்கள். அந்த அக்கா எனக்குச் சொன்ன இரண்டு சொல்லை அவரிடம் சொல்லுங்கள்: "மேல பாருங்க."